அங்கி: ஒரு சொல்லுக்குள் நான்கு உடைகள்

பாதிரியார் கழுத்து முதல் கணுக்கால் வரை போட்டிருக்கும் நீண்ட உடைக்கு என்ன பெயர்? 'அங்கி' என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். அவரே பூசையின்போது மேலே போர்த்தியிருக்கும் பூவேலைப் பட்டு? அதுவும் அங்கி. அதற்கடியில் எட்டிப் பார்க்கும் வெள்ளை உடை? அதையும் அங்கி என்றுதான் எழுதுகிறோம். தனித்தனிப் பெயரும் பிறப்பும் உள்ள உடைகளை ஒரே சொல்லில் மூட்டை கட்டியிருக்கிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அங்கம் என்றால் உடல். உடலைச் சுற்றுவது அங்கி. வடமொழி 'அங்கிகா' வழியாக வந்தது. (திருமந்திரத்தில் வரும் 'அங்கி' வேறு. அது 'அக்னி'யின் தமிழ் வடிவம், தீ என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இந்தச் சொல்லைக் கிறிஸ்தவர்களிடையே நிலைநிறுத்தியது தமிழ் வேதாகமம். யோசேப்புக்குத் தகப்பன் கொடுத்தது 'பலவருணமான அங்கி'. இயேசுவின் சிலுவையடியில் சேவகர்கள் எடுத்தது தையலில்லாமல் நெய்த அங்கி, அது உள்ளாடை. 'உன் வஸ்திரத்தை எடுத்துக்கொள்ள' வழக்காடுகிறவனுக்கு 'உன் அங்கியையும் விட்டுவிடு' என்ற இடத்திலோ அங்கி மேலாடை. ஆக, சொல் அன்றே கொஞ்சம் தொளதொளப்பாகத்தான் இருந்திருக்கிறது.

சரி, உடைகளுக்கு வருவோம். அன்றாடம் போடுவது 'கேசக்'. பிரெஞ்சில் 'கஸாக்', இத்தாலியில் 'கஸாக்கா'. அதற்கு முன்பு பாரசீகமா துருக்கியமா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை. கத்தோலிக்கர் இதையே 'சுத்தான்' என்றும் சொல்வார்கள். கீழே, அடியில் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லில் பிறந்தது. பூசை உடைகளுக்கு அடியில் போடுவது என்பதால் பொருத்தமான பெயர். குருவுக்குக் கறுப்பு, வெயில் நாடுகளில் வெள்ளை. ஆயருக்கு (பிஷப்) ஊதா, கர்தினாலுக்குச் செக்கச்சிவப்பு, போப்பாண்டவருக்கு வெள்ளை. முன்பக்கம் வரிசையாக 33 பொத்தான் வைத்துத் தைப்பதும் உண்டு, இயேசு வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு.

வழிபாட்டு உடைகளின் கதை வேறு. இன்று புனிதமாகத் தெரியும் இவை ஒரு காலத்தில் ரோமானியர்கள் சாதாரணமாக உடுத்திய துணிகள். ஊரார் குட்டைச் சட்டைக்கும் காற்சட்டைக்கும் மாறிவிட்டார்கள், குருக்கள் மட்டும் பழைய நீள உடையிலேயே நின்றுவிட்டார்கள். தனி உடுப்பு போட ஆரம்பித்தபோது எதிர்ப்பும் எழுந்தது. 428-ல் போப் முதலாம் செலஸ்தீன், தென் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டு ஆயர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்: மக்களிடமிருந்து நாம் போதனையால் வேறுபட வேண்டும், உடையால் அல்ல என்று. அந்தக் கடிதம் எடுபடவில்லை என்பது தெரிந்ததே!

உள்ளே போடும் வெள்ளை உடை 'ஆல்ப்'. லத்தீனில் 'ஆல்பா' என்றால் வெள்ளை, அவ்வளவுதான். மேலே போர்த்துவது 'சாசுபிள்'. அதன் மூலச்சொல் 'கசுலா', அதாவது சின்ன வீடு. பெரிய துணியின் நடுவில் ஓட்டை போட்டுத் தலையை நுழைத்தால் ஆள் குடிசைக்குள் நிற்பதுபோல் இருக்கும். கையைத் தூக்கினால் அத்தனை துணியும் மடிப்பு மடிப்பாகத் தோளில் குவியும். அதனால் பிற்காலத்தில் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டே போய் இன்றைய வடிவத்துக்கு வந்தது. பழைய முறைப் பூசையில் குரு அப்பத்தை உயர்த்தும்போது பீடச் சிறுவன் பின்னால் மண்டியிட்டு உடையின் ஓரத்தைத் தூக்கிப் பிடிப்பான், பார்த்திருப்பீர்கள். அந்தப் பாரத்தின் மிச்சம்தான் அது.

நான்காவது 'ஸ்டோல்', ஒரு நீளத் துணிப்பட்டை. குருவுக்குக் கழுத்தின் இருபுறமும் தொங்கும், திருத்தொண்டருக்கு (டீக்கன், குருவுக்கு அடுத்த நிலையில் உள்ளவர்) இடத்தோளிலிருந்து குறுக்காக விழும். கிரேக்கத்தில் 'ஸ்டோலே' என்றால் முழு உடை. 'நீண்ட அங்கிகளைத் தரித்துக்கொண்டு' திரியும் வேதபாரகரை (யூத மறைநூல் அறிஞர்களை) இயேசு சாடும் இடத்தில் மூலத்தில் இருப்பது இந்தச் சொல்தான். முழு உடையைக் குறித்த சொல் சுருங்கி நாலு விரல் பட்டைக்குப் பெயராகிவிட்டது.

தமிழில் இவற்றுக்கு என்ன சொல்லலாம்? சட்டைக்குப் பழந்தமிழில் 'மெய்ப்பை' என்று ஒரு சொல் உண்டு. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர்கள் 'மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து' நிற்கிறார்கள். மெய் என்றால் அங்கம். அப்படிப் பார்த்தால் அங்கிக்கு நேர்த் தமிழ் மெய்ப்பைதான். ஆனால் இன்று 'பாதிரியார் மெய்ப்பை அணிந்து வந்தார்' என்று எழுதினால் கையில் பை இருந்ததா என்று கேட்பார்கள். வழக்கில் ஊறிய அங்கியைத் தள்ள எனக்கு மனமில்லை.

என் கணக்கில் கேசக்குக்கு மட்டும் 'அங்கி' போதும். ஆல்புக்கு 'வெள்ளங்கி' என்றால் மூலச்சொல்லின் பொருளும் கெடாது. சாசுபிளுக்குப் 'பூசை மேலாடை'. ஸ்டோலைச் சிலர் 'தோள்பட்டை' என்கிறார்கள். எனக்கு எலும்பு முறிவு வைத்தியம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 'தோள்துகில்' என்று எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.