பெரிய எழுத்துப் பொத்தானைத் தொடும் முன்

கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் சிறு தேயிலை விவசாயிகளுக்கான கூட்டம். திரையில் முதல் ஸ்லைடு விழுந்தது. ‘மண் பரிசோதனை’ என்று இருக்க வேண்டிய தலைப்பு ‘முண் பரிசோதனை’ என்று நின்றது. “முண் என்றால் என்னம்மா?” என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கேட்டார். விளக்க வந்த இளம்பெண்ணின் முகம் வாடிவிட்டது. கூட்டம் தொடங்கும் முன் தலைப்பை மட்டும் அவசரமாக மறுபடி தட்டச்சு செய்திருந்தார். அவர் சரியாகத்தான் தட்டினார், மாற்றியது மென்பொருள்.

நீலகிரியில் ஆசிரியர்களுக்கும் விவசாயக் குழுக்களுக்கும் கணினி கற்றுத்தரும் எனக்கு இந்தப் பிழை மிகவும் பழக்கமானது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்தைப் பெரிதாக்கும் மென்பொருள் வசதி நம்மை ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடுகிறோம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் யூனிகோடு முறையில் எழுதிய தமிழை அது தொடாது என்பது உண்மைதான். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவதுதான் தமிழ்; கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் சிறிய ‘கே’ என்றால் ம, பெரிய ‘கே’ என்றால் மு. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட், மண்ணை முண்ணாக்கியது அப்படித்தான். ‘தமிழ்’ என்று தொடங்கினால் ‘துமிழ்’ ஆகும்.

பவர்பாயின்ட்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் வழியாக ஆட்டோகரெக்ட் பெட்டியைத் திறந்து, வாக்கியத்தின் முதல் எழுத்துக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். சில வார்ப்புருக்களில் தலைப்புப் பெட்டிக்கு, எல்லா எழுத்தையும் பெரிதாகக் காட்டும் ‘ஆல் கேப்ஸ்’ அமைப்பு முன்பே போடப்பட்டிருக்கும். அதில் பாமினித் தலைப்பை ஒட்டினால் வரி முழுவதும் குலையும். பதற வேண்டாம்; இது தோற்றத்தை மட்டுமே மாற்றும். ஃபான்ட் பெட்டியில் அந்த டிக்கை நீக்கினால் பழைய எழுத்து திரும்பிவிடும்.

ஹோம் பட்டையில் பெரிய ‘ஏ’யும் சிறிய ‘ஏ’யும் சேர்ந்து நிற்கும் பொத்தான் வேறு வகை. ஷிஃப்ட் விசையுடன் எஃப்3 அழுத்துவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது எழுத்தையே மாற்றி எழுதுகிறது. சேமித்து மூடிவிட்டால் முன்பு எது பெரியது, எது சிறியது என்று கோப்புக்குத் தெரியாது.

ஆங்கிலச் சொற்கள் கலந்த ஸ்லைடுகளில்தான் எனக்குக் கவலை அதிகம். மண்ணின் அமிலத்தன்மையைக் குறிக்கும் ‘பிஎச்’சில் ‘பி’ சிறியது, ‘எச்’ பெரியது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை உகந்தது என்று விவசாயிக்குச் சொல்லும் வரியில் அந்தக் குறியீடே தவறாக நிற்கலாமா? குறிஞ்சியின் அறிவியல் பெயரான ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானாவில் முதற்சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து. ஒவ்வொரு சொல்லையும் பெரிதாக்கும் கட்டளை இரண்டாவதையும் பெரிதாக்கிவிடும். நம் மலையின் பூவை நம் மாணவர்களே பிழையாக எழுதிப் பழகுவார்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக விடும் கட்டளையோ, வரி நடுவில் ஆங்கிலத்தில் எழுதிய குன்னூரின் முதல் எழுத்தையும் சிறிதாக்கும்.

மின் அலகுகள் இன்னும் நுட்பமானவை. 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் அடிக்கடி ஸ்லைடு செய்கிறார்கள். மெகாவாட்டுக்குப் பெரிய ‘எம்’, மில்லிவாட்டுக்குச் சிறிய ‘எம்’. இடையே உள்ள வித்தியாசம் 100 கோடி மடங்கு.

தலைப்பைப் பெரிய எழுத்தில் காட்டியே ஆக வேண்டுமென்றால் அந்த வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ‘ஆல் கேப்ஸ்’ டிக்கைப் போடுங்கள்; அலகுகளும் அறிவியல் பெயர்களும் உள்ள வரிகளுக்கு வேண்டாம். பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது பொத்தான் வேலைகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து முன்பே குலைந்திருந்தால், எழுத்துருவை மாற்றித்தரும் மென்பொருள் அந்த முண்ணை முண்ணாகவே யூனிகோடுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.