சதுரங்கம்: படையா, மூளையா?

போன கிழமை மட்டக்களப்பு கல்லடியில் அக்கா வீட்டில் யூடியூப்பில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தோம். வில்லன் கண்ணாடிப் பலகையில் குதிரையைத் தூக்கி வைத்து "செக்மேட்" என்றார். பெரிய மூளைக்காரர் என்று நாம் நம்பவேண்டுமாம். தரம் 8 படிக்கும் மருமகன் படத்தை நிறுத்தினான். "மாமா, பலகையே பிழை. வலக்கை மூலைக் கட்டம் வெள்ளையாத்தானே இருக்கணும்?" பார்த்தேன், கறுப்பு. மறுகா அவன் கேட்டான்: "சதுரமான அரங்கம் எண்டதாலயா சதுரங்கம்?"

அப்படித் தோன்றுவது இயல்பு. "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்ற குறளில் (401) அரங்கு என்பது ஆடுவதற்குக் கீறிய கட்டம்தான். படிக்காமல் சபையில் பேசுவது, கட்டம் கீறாமல் வட்டாடுவது போல என்கிறார் வள்ளுவர். ஆனால் இந்தச் சொல் வடமொழியில் சதுர் + அங்கம்: நான்கு உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள். தமிழில் நாற்படை என்கிறோமே, அது. பாரசீகத்தில் சத்ரங், அரபியில் ஷத்ரஞ்ச் என்று போய், ஐரோப்பாவைச் சுற்றி நம்மிடம் செஸ்ஸாகத் திரும்பிவந்தது. பழந்தமிழில் ஆனைக்குப்பு என்றும் ஒரு பெயர் உண்டு. இன்று கடையில் அதைச் சொல்லிக் கேட்டால் எதைத் தருவார்களோ!

செக்மேட்டின் மூலம் பாரசீகத்து 'ஷா மாத்'. 'அரசன் செத்தான்' என்று விளக்குவாருண்டு. அரசன் வழியற்றுப் போனான் என்பதே பொருந்தும். இந்த ஆட்டத்தில் அவன் வெட்டுப்படுவதே இல்லை. தமிழில் செக் என்றால் முற்றுகை, செக்மேட் இறுதி முற்றுகை. நல்ல சொற்கள். 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கோட்டை பக்கத்திலேயே இருக்க, மட்டக்களப்பாருக்கு முற்றுகையை விளக்க வேண்டியதில்லை. சரி, அந்த வில்லன்? மருமகன் எண்ணிப் பார்த்தான்; எதிராளியின் அரசனுக்கு இன்னும் ஒரு கட்டம் திறந்துதான் கிடந்தது. வெறும் முற்றுகை.

ஆக, படை, முற்றுகை, அரசன். புத்தி எங்கே வந்தது? திருவாசகத்தில் "யார்கொலோ சதுரர்" என்று மாணிக்கவாசகர் கேட்கிறாரே, அந்தச் சதுரர்தான் கெட்டிக்காரர். ஒலி ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு சொல்.

சினிமாவுக்குச் சதுரங்கப் பலகை மலிவான குறுக்குவழி. இரண்டு காயை நகர்த்தினால் மேதை ஆகிவிடலாம். கரம் போர்ட்டில் சிவப்புக்காயைப் போட்டு ஆட்டத்தை முடிக்கும் எங்களூர் ஆட்களை எந்த இயக்குநரும் மேதையாகக் காட்டியதில்லை. சத்யஜித் ராய் 1977இல் எடுத்த படத்தில் மட்டும், வட இந்தியாவின் அவத் அரசு கைமாறும்போது இரண்டு பிரபுக்கள் சதுரங்கமே கதி என்று கிடப்பார்கள். 1973இல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டது இன்னும் சுவையானது. உண்மையான ஆட்டத்து நிலையை வல்லவர்கள் ஒரு பார்வையில் நினைவில் கொண்டார்கள். காய்களைக் கண்டபடி பரப்பியபோது அந்த வல்லமை ஏறக்குறையக் காணாமல் போனது.

நம் பேச்சு வழக்கு சினிமாவைப் பின்பற்றவில்லை. பத்திரிகைகளில் 'அரசியல் காய்நகர்த்தல்' என்றால் பாராட்டு இல்லை, சூழ்ச்சி. 'பகடைக்காய் ஆக்கிவிட்டார்கள்' என்பதோ தாயக்கட்டையிலிருந்து வந்து, ஏமாந்த காலாளின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வசன மொழிபெயர்ப்பாளருக்கு என் யோசனை: பலகை இருந்தால் 'இறுதி முற்றுகை', பலகையே இல்லாமல் வில்லன் 'செக்மேட்' என்றால் 'மாட்டினாய்' போதும்.