“சூது” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும்

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபம். பிரதேச செயலகங்களில் பணிபுரியும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள், சமூக சேவை உத்தியோகத்தர்கள், தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்கள், இரண்டு குடும்பநல உத்தியோகத்தர்கள் என ஒரு சிறு குழுவுக்கு, சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணைசெய்வது பற்றிய மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் காலையிலேயே ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தோம். மூதூரிலிருந்து வந்திருந்த உத்தியோகத்தர் உளவளத்துணையாளராக அமர்ந்தார். எதிரே சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர், கிரிக்கெட் பந்தயத்தில் ஆறு இலட்சம் ரூபா கடன்பட்ட மீனவராக அமர்ந்தார்.

“அண்ணா, நீங்க சூது விளையாடுறீங்களா?”

“இல்ல மிஸ்.”

அதற்குமேல் உரையாடல் நகரவில்லை. பயிற்சி முடிந்து பேசும்போது, நடித்தவர் தாம் பொய் சொல்லவில்லை என்று உறுதியாகச் சொன்னார். “நான் மட்ச்சுக்குக் காசு கட்டுற ஆள். சூதாடி எண்டு நான் என்னை நினைக்கவே இல்ல.” அவருக்குக் கொடுத்த தாளில் அப்படி ஒரு வரி இல்லை, அந்த மனிதராக உட்கார்ந்தவுடன் தானாக வந்த பதில் அது. மூன்று நாளில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடமும் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நம்முடைய மொழியில் “சூது” என்பது பள்ளிக்கூடத்திலேயே பாவத்தின் பெயராகப் படிக்கப்பட்ட சொல். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு முஸ்லிம் சகோதரரிடம் அதே சொல்லைக் கேட்டால், மார்க்கத்தில் விலக்கப்பட்ட ஒன்றைச் செய்தீரா என்று கேட்டதாகவே அவர் காதில் விழும். லொத்தர் வாங்குகிறவர், போனில் மட்ச்சுக்குக் காசு கட்டுகிறவர், கடற்கரையில் காசு வைத்துக் காட்ஸ் விளையாடுகிறவர் ஆகிய யாருமே தம்மை அந்தச் சொல்லுக்குள் வைத்துப் பார்ப்பதில்லை. அரசே நடத்தும் லொத்தர்ச் சீட்டு பஸ் நிலையத்தில் விற்கும்போது அதை எப்படிச் சூது என்பது என்று பயிற்சிக்கு வந்திருந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய பணப்பையிலும் அன்று ஒரு சீட்டு இருந்தது என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆகவே, என்ன விளையாடுகிறார் என்பதை அவரவர் சொல்லிலேயே கேட்கப் பழக்குவதுதான் எங்கள் பயிற்சியின் முதல் வேலையாகிவிட்டது. “மட்ச்சுக்குக் காசு கட்டுறதுண்டா? யார் மூலம் கட்டுறீங்க? கடைசியா எப்ப?” என்று கேட்டால் பதில் வருகிறது.

உலகில் பரவலாகப் பயன்படும் வினாத்தாள்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 2001இல் கனடாவில் வெளியான, சூதாட்டப் பாதிப்பின் தீவிரத்தை அளக்கும் சுட்டியில் ஒன்பது கேள்விகள். கடந்த 12 மாதங்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 8ஐ எட்டினால் கடுமையான பாதிப்பு. நல்ல கருவிதான். ஆனால் அதன் முதல் கேள்வி, இழந்தாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய தொகையைவிட அதிகம் கட்டினீர்களா என்ற பொருளில் வருகிறது. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் குடும்பத்தில் இழந்தால் பரவாயில்லை என்று ஒரு தொகையே கிடையாது என்பதால், அந்தக் கேள்வியைக் கேட்கப்பட்டவர் நம்மை விசித்திரமாகப் பார்க்கிறார். மாறாக, இழந்ததை மீட்பதற்காகத் திரும்பத் திரும்பக் கட்டும் நிலையைப் பற்றிய கேள்விக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: “விட்டதைப் பிடிக்கிறது.” அந்தச் சொல்லைச் சொன்னவுடன் முகம் மாறும். நோயின் மிக முக்கியமான அறிகுறி ஒன்றுக்கு நம் ஊர் மக்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். நாம்தான் அதை வினாத்தாளில் எழுதாமல் விட்டிருக்கிறோம். நேரம் குறைவான இடங்களில் இரண்டே கேள்விகள் கொண்ட சிறு சோதனையும் உதவும்: மேலும் மேலும் கூடுதலான காசு கட்டவேண்டும் என்று தோன்றியதுண்டா, எவ்வளவு கட்டினீர்கள் என்பதைப் பற்றி முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா. குடும்பநல உத்தியோகத்தர்கள் இதைத்தான் விரும்பிக் கொண்டுபோனார்கள்.

இது ஒரு நோய்தானா என்ற கேள்வி ஒவ்வொரு பயிற்சியிலும் எழும். அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில் இது 1980இலேயே இடம்பெற்றது. அப்போது உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் மது, போதைப்பொருள் ஆகியவற்றோடு சேர்த்து அடிமைநிலைகளின் வரிசைக்கு மாற்றினார்கள். ஒன்பது அறிகுறிகளில் நான்கேனும் ஓராண்டுக்குள் தென்பட வேண்டும். 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் இதை அடிமைநிலையாகவே கொள்கிறது. நேரில் விளையாடுவதையும் இணையத்தில் விளையாடுவதையும் பிரித்துக் குறிக்கவும் இடம் தருகிறது. இதற்குமேல் வகைப்பாட்டைப் பற்றிப் பயிற்சியில் நேரம் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றை மட்டும் எப்போதும் சேர்த்துச் சொல்வேன்: வயதான ஒருவர் திடீரென்று காசு கட்டத் தொடங்கினால், பார்க்கின்சன் நோய்க்குச் சில வகை மாத்திரைகள் எடுக்கிறாரா என்று கேளுங்கள். அந்த மருந்துகள் சிலருக்கு இத்தகைய உந்துதலைத் தூண்டுவது நன்கு அறியப்பட்டது. மாத்திரையைத் தாமாக நிறுத்தவேண்டாம், வைத்தியரிடம் அனுப்புங்கள்.

கிழக்கில் உளவளத்துணைப் பணி பெரும்பாலும் போரின் பின்னும் 2004 ஆழிப்பேரலையின் பின்னும் வளர்ந்தது. இழப்பைக் கேட்கத் தெரியும். அழுகிறவரோடு அமரத் தெரியும். குடிப்பழக்கத்தோடு வருகிறவரிடம் பேசவும் ஓரளவு தெரியும். சூதாட்டம் இவற்றில் எதன் அச்சிலும் அடங்குவதில்லை. வாயில் மணம் வராது, கை நடுங்காது, இரத்தப் பரிசோதனையில் தெரியாது. வீட்டில் முதலில் தெரிவது நகை இல்லாமற்போனதுதான். ஆகவே இந்தப் பணியில் உளவளத்துணையாளர் கணக்குப் பார்க்கக் கற்கவேண்டும். இதைச் சொன்னால் பலர் முகஞ்சுளிக்கிறார்கள். காசைப் பற்றிப் பேசுவது நம் வேலையில்லை, வங்கிக்காரன் வேலை என்கிறார்கள். நான் இதற்கு முற்றிலும் மாறானவன்.

எங்கள் பயிற்சியின் இரண்டாம் நாள் முழுவதும் ஒரு சீ.ஆர். கொப்பியோடு போனது. ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி. ஒரு குடும்பத்தின் கதை. (பல குடும்பங்களில் கண்டவற்றைக் கலந்து, அடையாளங்களை மாற்றி எழுதிய கதை.) கணவன் கடலுக்குப் போகிறவர். மனைவியின் தாலிக்கொடி வங்கியில் அடகில், காப்பு வேறோர் அடகுக்கடையில், கிழமைக்குக் கட்டும் நுண்கடன் இரண்டு இடத்தில், இரண்டும் மனைவியின் பெயரில், நாள் வட்டிக்கு ஒருவரிடம் ஒரு தொகை, மனைவி பிடித்திருந்த சீட்டை முன்கூட்டியே எடுத்தது, வள்ளத்தின் முதலாளியிடம் வாங்கிய முற்பணம், மச்சானிடம் கைமாற்று. இவற்றை இடப்பக்கத்தில் எழுதி, வலப்பக்கத்தில் யாருக்கு, எவ்வளவு, எந்தத் திகதிக்குள், கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று நிரப்பவேண்டும். பலர் பெரிய தொகையை முதலில் கட்டவேண்டும் என்றார்கள். ஆனால் மிரட்டுகிறவர் நாள் வட்டிக்காரர். தவணை தாண்டினால் ஏலத்துக்குப் போவது நகை. வாசலில் வந்து நின்று மானத்தை வாங்குவது கிழமைக் கடன். எதை முதலில் தொடுவது என்பது தொகையைப் பொறுத்ததல்ல என்று அவர்களே கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது.

கடலை நம்பிய வீட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வெளிநாட்டுக் கையேடுகள் மாதச் சம்பளநாளை ஆபத்தான நாள் என்கின்றன. அன்று காசு கையில் இருப்பதால் மீண்டும் கட்டத் தூண்டும் என்கின்றன. நம் கரையில் மாதச் சம்பளமில்லை. சோழகக் காலத்தில் கடல் அமைதியாகி நல்ல பாடு வரும் நாளில் ஒரேயடியாகக் காசு புரளும். வாடைக் காலத்தில் வள்ளம் கரையில் ஏறிக் கிடக்கும், நாள் முழுக்கக் கையில் போன் மட்டும். முன்னது காசின் ஆபத்து, பின்னது சும்மா இருப்பதன் ஆபத்து. மறுபடி விழாதிருக்கத் திட்டம் எழுதும்போது இந்த இரண்டு பருவத்துக்கும் இரண்டு திட்டம் வேண்டும் என்று நிலாவெளிப் பக்கமிருந்து வந்த களப்பணியாளர் ஒருவர் சொன்னார். நான் கொண்டுபோயிருந்த எந்தத் தாளிலும் அது இல்லை.

கையேடுகள் கைவிடும் இடம் இன்னொன்றும் உண்டு. பிரித்தானியாவில் ஒரே ஒரு பதிவின் மூலம், அனுமதி பெற்ற இணையச் சூதாட்டத் தளங்கள் அனைத்திலிருந்தும் ஒருவர் தம்மை விலக்கிக்கொள்ளலாம். வங்கி அட்டையில் சூதாட்டச் செலவைத் தடுத்து வைக்கும் வசதியைப் பல வங்கிகள் தருகின்றன. கடல்கடந்த ஒரு தளத்தில், தெருமுனையில் இருக்கும் முகவர் கையில் காசைக் கொடுத்துக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும் தம்பிக்கு இவற்றால் பயனில்லை. இங்கே தடுப்பு என்பது சிம்மை மாற்றுவது, முகவரின் எண்ணை அழிப்பது, வங்கி அட்டையை அக்காவிடம் கொடுத்து வைப்பது என்ற அளவில்தான் முடிகிறது. சிறியவைதான், ஆனால் அவசரத்துக்கும் செயலுக்கும் நடுவே அரைமணி நேரத்தை வைக்கின்றன. அந்த அரைமணி பெரிது.

“கொஞ்சம் புத்தி சொல்லி விடுங்க மிஸ்” என்றுதான் பெரும்பாலும் அழைத்துவருகிறார்கள். புத்தி சொல்வதுதான் இந்த வேலையில் மிகக் குறைவாகப் பயன்படுவது. நாணயத்தைச் சுண்டினால் முன்பு விழுந்தது அடுத்ததைத் தீர்மானிக்காது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். வகுப்பில் ஐந்து முறை தலை விழுந்தபின் பாதிப்பேர் பூவுக்குக் கை தூக்கினார்கள். 1913இல் மொன்டி கார்லோ சூதாட்ட மனையில் சுழல்மேசையில் கறுப்பே தொடர்ந்து 26 முறை விழ, இனிச் சிவப்புத்தான் என்று கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். படித்தவர் மூளையும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே வாதிடாமல், அவருடைய வாயாலேயே அவருடைய காரணத்தை வரவழைக்கும் உரையாடல் முறையை, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் குடிப்பழக்கத்துக்காக எழுதியதை, நாங்கள் நடித்து நடித்துப் பழகினோம். நம்மவர்களுக்கு இதில் கடினமானது கேள்விக்குப் பிறகு வாயை மூடியிருப்பது.

தற்கொலை பற்றிய கேள்வியை எந்தப் பயிற்சியும் கடைசி மணிநேரத்துக்குத் தள்ளக்கூடாது. சுவீடனில் சூதாட்டக் கோளாறு கண்டறியப்பட்டவர்களைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. 20 முதல் 74 வயதுக்கு உட்பட்டோரில் தற்கொலையால் இறந்தவர்களின் விகிதம் பொதுமக்களைவிட ஏறத்தாழ 15 மடங்கு இருந்தது. கடன் வீட்டுக்குத் தெரியவரும் நாளும், தெரிந்த மறுநாளும் மிக ஆபத்தானவை. “உயிரை விடவேணும் போல எப்பவாவது யோசிச்சிருக்கிறீங்களா?” என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வயல் மருந்து வீட்டில் எங்கே வைக்கப்படுகிறது என்பதையும் கேட்கவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தைப் பயிற்சிக்கு வந்திருந்த ஒவ்வொருவரும் எங்கள் முன்னாலேயே போனில் பதிந்துகொண்டார்கள்.

பாதிக்கப்படுவது விளையாடுகிறவர் ஒருவர் மட்டுமல்ல. கடுமையாகச் சூதாடும் ஒருவரைச் சுற்றி ஆறுபேர்வரை பாதிக்கப்படுகிறார்கள் என்று அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2017இல் கணக்கிட்டது. நம் ஊரில் மாமி, மச்சாள், சீட்டுப் பிடிக்கும் பக்கத்து வீட்டு அக்கா என்று அந்த எண் சுலபமாக நிரம்பும். குடும்பமே சேர்ந்து ஒரே தடவையில் கடனை அடைத்துவிடுவது நம்மிடம் அன்பின் அடையாளம், மானத்தைக் காப்பது. ஆனால் அடைத்த மறுநாள் அந்த மனிதரின் பெயரில் மீண்டும் கடன் வாங்கும் தகுதி பிறந்துவிடுகிறது. இதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது என்பதை நடித்துப் பார்த்தபோது, தாயாக நடித்த பெண் உண்மையிலேயே அழுதார். அந்த அமர்வை அங்கேயே நிறுத்தினோம்.

மூன்று நாள் பயிற்சி போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். சிறிய ஊர், உளவளத்துணையாளரும் வந்து பேசியவரும் மறுநாள் மீன்சந்தையில் முகம் பார்க்கவேண்டும், பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் பக்கத்தில் நிற்கவேண்டும். இரகசியம் காப்பதைச் சட்டமாகச் சொல்வதைவிட, சந்தையில் யார் முதலில் தலையசைப்பது என்று முன்கூட்டியே பேசிவைப்பது பயனுள்ளது. இத்தகைய சந்தேகங்களுக்காக மாதம் ஒருமுறை தொலைபேசியில் கூடுகிறோம்.

மூன்றாவது மாதக் கூட்டத்தில் மூதூர் உத்தியோகத்தர் பேசினார். அவரிடம் வந்துகொண்டிருந்த மனிதர் இரண்டு வாரமாக வரவில்லை. மனைவி மட்டும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு தனியே வந்திருக்கிறார். “வந்தவவை எந்தக் கோப்பில எழுதுறது, சேர்?” என்று கேட்டார். படிவத்தில் மனைவிக்கு இருந்த ஒரே இடம் “குடும்ப விபரம்” என்ற கட்டம். அவருடைய பெயரில் புதிய கோப்பு ஒன்றைத் திறக்கச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் இன்னும் மூன்றுபேர் அதே கேள்வியோடு வந்தார்கள்.