இசகாயா: இருந்து குடிக்கும் கடை

ஜப்பானின் ஒசாகா நகருக்கு முதல்முறை போகிறவர்கள் மாலை நேரத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால் 'இசகாயா' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. தமிழில் இதைச் சிலர் 'பார்' என்கிறார்கள், சிலர் 'மதுக்கூடம்' என்கிறார்கள். 'ஜப்பானியச் சாராயக்கடை' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். மூன்றும் பொருந்தவில்லை. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். அங்கே தங்க அறை எங்கே எடுப்பது என்பதற்கும் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

இசகாயாவை ஜப்பானியர் மூன்று எழுத்துகளில் எழுதுகிறார்கள். கடைசியில் உள்ள 'யா' என்றால் கடை. நடுவில் இருப்பது 'சகே', அதாவது மது; கூட்டுச்சொல்லில் அது 'சக' என்று திரியும். இரண்டும் சேர்ந்தால் 'சகாயா': மதுவை அளந்து விற்கும் கடை. வாங்கினோமா, வீட்டுக்குக் கொண்டுபோனோமா, அவ்வளவுதான். அதற்கு முன்னால் 'இ' வந்து ஒட்டும்போது 'ச' அதிர்ந்து ஒலிக்கிறது. நம் புணர்ச்சியைப் போன்ற இந்தத் திரிபுக்கு அங்கே 'ரெண்டாகு' என்று பெயர். அந்த அதிர்வொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை என்பதால் 'இசகாயா' என்றே எழுதிவிடலாம்.

சொல்லின் உயிர் அந்த 'இ'-யில்தான் இருக்கிறது. 'இரு' என்ற ஜப்பானிய வினையின் வேர் அது. இருத்தல், தங்குதல் என்று பொருள். பழைய பொருள் உட்கார்தல். நம் 'இரு' என்ற வினையும் இப்படித்தானே? 'வீட்டில் இருக்கிறார்' என்றால் உளதாதல்; 'இருக்கை' என்றால் உட்காரும் இடம். உடனே இரண்டும் ஒரே வேர் என்று துள்ளிவிட வேண்டாம். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ நெடுங்காலம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. இந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால், பழைய ஜப்பானியத்தில் இது 'விரு' என்று ஒலித்தது, முன்னால் இருந்த 'வ' பின்னாளில் தேய்ந்துபோனது. ஒலி ஒத்துப்போவது தற்செயல். ஆனால் பொருள் ஒத்துப்போவதைத் தமிழாக்கத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வரலாறும் அந்த 'இ'-யைச் சுற்றியே வருகிறது. இன்றைய தோக்கியோ அன்று எடோ. வேலை தேடி வந்த கூலியாட்கள், பிரபுக்களோடு வந்து தங்கிய சாமுராய்கள் என்று குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்கள் நிறைந்த நகரம். மது வாங்க வந்தவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடையிலேயே இருந்து குடிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பழக்கத்துக்கு 'இசகே', அதாவது இருந்து குடிக்கும் மது, என்று பெயர் வந்தது. கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1596-இல் தொடங்கிய தோஷிமாயா என்ற கடை, மிசோ என்ற சோயா விழுதைப் பூசிச் சுட்ட தோஃபுவை, அதாவது சோயாக் கட்டியை, மதுவோடு விற்றுப் பெயர் வாங்கியது. இன்னொரு பக்கம், காயும் கிழங்கும் வேகவைத்து விற்றவர்கள் மதுவையும் சேர்த்து விற்றார்கள். 1811-இல் எடுத்த ஒரு கணக்கில் எடோ நகரில் மட்டும் 1,800-க்கு மேற்பட்ட இசகாயாக்கள் இருந்தன. ஆக, பிறந்த நாள் முதலே இசகாயாவில் சாப்பாடும் உண்டு. 'பார்' என்ற சொல்லில் விட்டுப்போவது இதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கள்ளுக்கடை, சாராயக்கடை இரண்டும் வேறு மதுவையும் வேறு சூழலையும் மனதில் கொண்டுவரும். 'அருந்தகம்' நல்ல ஆக்கம், ஆனால் அதில் சாப்பாடு இல்லை. 'மதுவிடுதி' எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் 'விடுதி'யில் தங்குதல் இருக்கிறது, 'இ'-க்கு நெருக்கமாக வருகிறது. ஆனால் பயணக் கட்டுரையில் அதுவே வம்பு. ஒரே பத்தியில் 'தங்கும் விடுதி'யும் 'மதுவிடுதி'யும் வந்தால், இசகாயாவில் படுக்கை கிடைக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. என் முடிவு இது: 'மதுவுணவகம்'. உணவகம் என்றாலே உட்கார்ந்து சாப்பிடும் இடம் என்று நமக்குத் தெரியும். முதல்முறை வரும் இடத்தில் 'இருந்து குடிக்கும் கடை' என்று சொற்பொருளையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் இசகாயா என்றே எழுதலாம். இட்லியை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

இசகாயாவின் அடையாளம் வாசலில் தொங்கும் சிவப்புக் காகித விளக்கு, 'அகா-சோச்சின்'. மலிவான இசகாயாவுக்கு அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. பட்டினப்பாலையில் மீனை அறுத்துப் பொரிக்கும் ஓசை எழும் முற்றத்தில் 'நறவு நொடைக் கொடி' பறக்கிறதே, கள் விற்பனைக்கு அடையாளமாக, அந்தக் கொடி செய்த வேலையைத்தான் இந்த விளக்கு செய்கிறது.

அறை விஷயத்துக்கு வருவோம். முதல் பயணத்தில் நான் செய்த தவறு, 'இப்பாகு நிஷோகு' என்ற திட்டத்தில் அறை எடுத்தது. ஒரு இரவு, இரண்டு வேளை உணவு என்று பொருள். இரவுச் சாப்பாட்டுக்கு ஆறரை மணிக்கே அழைத்துவிட்டார்கள். வயிறு நிறைந்து வெளியே வந்தால், சிவப்பு விளக்குகளை வேடிக்கை பார்க்கத்தான் முடிந்தது. கேட்டு வாங்க வேண்டிய சொல் 'சுதொமாரி'. 'சு' என்றால் வெறும், 'தொமாரி' என்றால் தங்கல். சாப்பாடு இல்லாத வெறுந்தங்கல். இசகாயாவுக்குப் போகிறவருக்கு இதுதான் ஏற்றது.

அடுத்தது இடம். ஒசாகாவில் மின்தொடர்வண்டிகள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், மறுபடி ஓட விடிகாலை ஐந்து மணி ஆகும். ஆகவே மாலையில் எங்கே இருக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, நடந்து திரும்பும் தூரத்தில் அறை எடுங்கள். தோதொன்போரி, ஹோசென்ஜி சந்து பக்கம் என்றால் நம்பா பகுதி. உள்ளூர்க்காரர்கள் கூடும் நெருக்கமான சந்துகள் பிடிக்கும் என்றால் தென்மா பகுதி. ஒசாகா நிலையத்திலிருந்து வட்டப்பாதை வண்டியில் அடுத்த நிறுத்தம். கடைசி வண்டியைத் தவறவிட்டாலும் வழி உண்டு. ஓர் ஆள் படுக்கும் அளவுக்கே உள்ள கூடுகளை வாடகைக்கு விடும் காப்ஸ்யூல் ஹோட்டலில் படுத்துக்கொள்ளலாம். உலகின் முதல் காப்ஸ்யூல் ஹோட்டல் 1979-இல் இதே ஒசாகாவில்தான் திறந்தது. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிஷோ குரொகாவா.

தென்மாவில் ஒரு மாலை. துணித்திரையை விலக்கி உள்ளே போனால் எட்டுப் பேர் உட்காரும் மரப்பலகை. சூடான ஈரத்துண்டு வருகிறது. கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் வேகவைத்த முள்ளங்கி வருகிறது. தவறுதலாக வந்ததல்ல, இலவசமும் அல்ல. தோக்கியோவில் 'ஒதோஷி', ஒசாகாவில் 'ட்சுகிதாஷி' என்பார்கள். பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். இதையும் 'இ'-க்கான விலை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்: நீங்கள் இருக்கும் இருக்கைக்கு. குடிக்காதவர் ஊலாங் தேநீர் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மது 20 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே. சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: தோஃபுவின் மேலேகூட உலர்மீன் சீவலைத் தூவுவார்கள், குழம்புகளில் மீன் சாறு இருக்கும். உப்பிட்ட எதமாமே, அதாவது பச்சை சோயா காய், பயமில்லாமல் கேட்கலாம். டிப்ஸ் வேண்டாம்.

ஒரு கடையோடு நிறுத்தாமல் அடுத்தடுத்துப் போவதற்கு 'ஹஷிகோ' என்று பெயர், ஏணி என்று பொருள். ஒவ்வொரு படியாக ஏறுவது. கடைசிப் படியில் சாப்பிடுவது 'ஷிமே', முடிப்பு. சோற்றில் சூடான தேநீரை ஊற்றிய ஒச்சாசுகே ஒரு கிண்ணம். நாம் மோர்ச்சோற்றில் முடிப்போமே, அந்த மாதிரி. அதைச் சாப்பிட்டு எழுந்தபோது மணி பன்னிரண்டரை. கடைசி வண்டி போய்விட்டிருந்தது. அந்த முறை என் அறை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.