இந்த உத்தரவு எந்த சர்வருக்குப் போகும்? ஆன்சிபிள் இன்வென்டரி வேலை செய்யும் விதம்

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைத்து நிர்வகிக்கும் கருவியான ஆன்சிபிளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிளேபுக் என்ற உத்தரவு ஃபைலில் தொடங்கி பிளேபுக்கிலேயே முடித்துவிடுகிறார்கள். என்ன வேலை செய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அந்த வேலையை எந்த மெஷினில் செய்வது, அங்கே எந்த மதிப்புகளோடு செய்வது என்ற இரண்டையும் பெரும்பாலும் முடிவு செய்வது இன்வென்டரி, அதாவது சர்வர்களின் பட்டியல். துளிகூடப் பிழையில்லாத பிளேபுக், தப்பான பட்டியலோடு ஓடினால் தப்பான டேட்டாபேஸைச் சமர்த்தாக ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கடைசியில் 'ஃபெயில்டு 0' என்றும் காட்டும்.

முதலில், இப்படி ஒரு பட்டியல் ஏன் தேவைப்படுகிறது? பப்பெட் போன்ற பழைய கருவிகளில் ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் உட்கார்ந்திருக்கும். வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை அதுவாகவே தலைமை சர்வரிடம் போய், 'எனக்கு என்ன வேலை?' என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். யார் யார் இருக்கிறார்கள் என்பது வந்து கேட்பவர்களை வைத்தே தெரிந்துவிடும். 2012இல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட ஆன்சிபிள் இதைத் தலைகீழாக்கியது. சர்வரில் ஏஜென்ட் கிடையாது. நம் லேப்டாப்போ, ஒரு மைய மெஷினோ எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக ஒவ்வொரு சர்வருக்குள்ளும் தானே போய் வேலையை முடித்துவிட்டு வரும். ஏஜென்ட்டை நிறுவும் தலைவலி போனது. பதிலுக்கு, யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை நாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எழுதும் முறை எளிது. வேறெதுவும் சொல்லாவிட்டால் ஆன்சிபிள் தேடுவது ஈடிசி டைரக்டரியில் 'ஆன்சிபிள்' என்ற உள் டைரக்டரிக்குள் இருக்கும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலைத்தான். சதுர அடைப்புக்குறிக்குள் குரூப்பின் பெயர், அதன் கீழே வரிக்கு ஒரு சர்வர். ஐம்பது சர்வர் இருந்தால் ஐம்பது வரி எழுத வேண்டாம். 'வெப்[01:50]' என்ற பாணியில் ஒரே வரி போதும், முதலும் கடைசியும் சேர்த்தே எண்ணும். ஒரு குரூப்புக்குள் வேறு குரூப்புகளையும் வைக்கலாம். நாம் எதுவும் செய்யாமலே 'ஆல்', 'அன்குரூப்டு' என்று இரண்டு குரூப் எப்போதும் இருக்கும். எல்லா சர்வரும் முதலாவதில் சேரும். எந்தக் குரூப்பிலும் சேராதவை இரண்டாவதிலும் சேரும். யாமல் என்ற வேறொரு டெக்ஸ்ட் வடிவத்திலும் இதையே எழுதலாம். நூறு வரியைத் தாண்டினால் எனக்கு யாமல்தான் பிடிக்கும். காரணம், மேலே சொன்ன சதுர அடைப்புக்குறிப் பாணியான பழைய ஐஎன்ஐ வடிவத்தில் ஒரு விசித்திரம் உண்டு. சர்வர் பெயரின் பக்கத்திலேயே ஒரு வேரியபிளுக்கு (பெயர் கொடுத்து வைக்கும் மதிப்புக்கு) 'ஃபால்ஸ்' என்று, முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கி எழுதினால் அது 'இல்லை' என்று பொருள்படும் உண்மையான பூலியன் மதிப்பு. அதையே குரூப்பின் வேரியபிள் பகுதியில் எழுதினால் வெறும் எழுத்துக்கோவை. மதிப்புகளை இட்டு நிரப்பும் மாதிரி ஃபைலான டெம்ப்ளேட்டில் வரும் 'இஃப்' நிபந்தனை, காலியில்லாத எந்த எழுத்துக்கோவையையும் 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும். அணைக்கச் சொன்ன வசதி ஆன் ஆகிவிடும்.

சரி, சிக்கலான இடத்துக்கு வருவோம். ஒரே சர்வர் பல குரூப்புகளில் இருக்கலாம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்: எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு குரூப், என்ன வேலை செய்கிறது என்பதற்கு ஒரு குரூப். இரண்டு குரூப்பும் ஒரே வேரியபிளுக்கு வெவ்வேறு மதிப்பு சொன்னால் யார் ஜெயிப்பது? ஓரளவு விதி தெளிவு. 'ஆல்' சொல்வதை உள்ளே இருக்கும் குரூப் மாற்றலாம். தாய்க் குரூப் சொல்வதைச் சேய்க் குரூப் மாற்றலாம். அந்த சர்வருக்கென்றே எழுதியது இவை எல்லாவற்றையும் மாற்றும். குறிப்பானது பொதுவானதை மீறும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு குரூப்பும் ஒரே மட்டத்தில் இருந்தால்?

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒரு சர்வர் 'சென்னை' என்ற குரூப்பிலும் 'வெப்' என்ற குரூப்பிலும் இருக்கிறது. நேரத்தைச் சரிபார்க்க எந்த என்டிபி சர்வரைக் கேட்பது என்று இரண்டு குரூப்பும் ஆளுக்கொரு முகவரி சொல்கின்றன. ஒரே மட்டத்துக் குரூப்புகளை ஆன்சிபிள் பெயரின் ஆங்கில அகரவரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும். கடைசியாக வருவது நிற்கும். 'சென்னை' சி-யில் தொடங்குகிறது, 'வெப்' டபிள்யூவில். ஆகவே 'வெப்' சொன்ன முகவரி நிற்கும். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர், பெயர் பொருத்தமாக இல்லையே என்று 'வெப்' குரூப்பை 'ஆப்' என்று மாற்றி, அது வருகிற இடங்களிலெல்லாம் ஒழுங்காகத் திருத்தியும் விடுகிறார். ஒரு மதிப்பைக்கூட அவர் தொடவில்லை. இப்போது ஏ முன்னால் வருகிறது, சி பின்னால் போகிறது. 'சென்னை' சொன்ன முகவரி ஜெயிக்கிறது. அடுத்த முறை பிளேபுக் ஓடும்போது சென்னையில் இருக்கும் எல்லா வெப் சர்வர்களும் வேறொரு கடிகாரத்தைக் கேட்கத் தொடங்கும். மாற்றத்தை மறுபடி மறுபடி வாசித்தாலும் காரணம் கண்ணில் படாது, ஏனென்றால் எழுதப்பட்ட எந்த வரியிலும் அது இல்லை.

இதற்கு மருந்தாக, குரூப்புக்கு ஒரு முன்னுரிமை எண் கொடுக்கும் வசதி இருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் 1. பெரிய எண் ஜெயிக்கும். இந்த எண்ணை இன்வென்டரிக்குள்தான் எழுத வேண்டும், குரூப் வேரியபிள்களை வைக்கும் தனி ஃபைலில் எழுதினால் பலிக்காது. எனக்கென்னவோ அந்த எண்ணைத் தேடிப் போகும் நிலை வந்தாலே குரூப்புகளைப் பிரித்த விதத்தில் கோளாறு என்று தோன்றும். ஒரு வேரியபிளைப் பற்றிப் பேசும் உரிமை ஒரு வகைக் குரூப்புக்கு மட்டும் இருப்பது நல்லது. கடிகாரம் இடத்தைப் பொறுத்தது, எனவே அதை இடக் குரூப் மட்டும் சொல்லட்டும்.

கையால் எழுதும் பட்டியல் எவ்வளவு தூரம் தாங்கும்? இணையமே ஒருகாலத்தில் அப்படித்தான் ஓடியது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயரும் முகவரியும் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் பராமரித்த ஒரே ஃபைலில் இருந்தன. மற்றவர்கள் அதை நகலெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுக்கடங்காமல் போக, 1983இல் பால் மொக்காபெட்ரிஸ், பெயரைச் சொன்னால் முகவரியைத் தரும் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். கிளவுட் வந்த பிறகு இன்வென்டரிக்கும் அதே கதிதான். காலையில் பிறந்து மாலையில் அழியும் சர்வர்களைக் கையால் எழுதிக்கொண்டிருந்தால், அது வாக்காளர் பட்டியல் மாதிரி ஆகிவிடும்: இறந்தவர் பெயர் இருக்கும், உயிரோடு இருப்பவர் பெயர் இருக்காது.

அதனால் வந்ததுதான் டைனமிக் இன்வென்டரி. ஃபைலுக்குப் பதிலாக ஒரு ஸ்கிரிப்ட். ஆன்சிபிள் 'லிஸ்ட்' என்று கேட்டால், குரூப்புகளும் சர்வர்களும் அடங்கிய ஜேசன் வடிவத் தரவு ஒன்றை அது திருப்பித் தர வேண்டும். அந்த ஜேசனில் 'மெட்டா' என்ற பகுதியை வைத்து எல்லா சர்வர்களின் வேரியபிள்களையும் ஒரே மூச்சில் தந்துவிடலாம். தராவிட்டால் ஆன்சிபிள் ஒவ்வொரு சர்வருக்கும் அதே ஸ்கிரிப்டைத் தனித்தனியாகக் கூப்பிடும். ஐந்நூறு சர்வர் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். 2017இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து ஸ்கிரிப்டுகளின் இடத்தைப் பிளகின்கள் என்ற இணைப்பு நிரல்கள் பிடித்துக்கொண்டன. அமேசான் கிளவுடுக்கான பிளகினிடம் ஒரு சிறு யாமல் ஃபைலைக் கொடுத்தால், மும்பை ரீஜனில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் எவை என்று கேட்டு, அவற்றின்மேல் நாம் ஒட்டிய டேக் என்ற அடையாளச் சீட்டுகளை வைத்து அதுவே குரூப் பிரித்துவிடும்.

இனி பட்டியல் எப்போதும் சரியாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் தப்பு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். டேக் வைக்க மறந்த மெஷின் எந்த வேலைக் குரூப்பிலும் விழாது. பாதுகாப்பு அப்டேட் வேலைக் குரூப் வாரியாகப் போகும்போது அது மட்டும் விடுபடும். ஒருவர் 'பிராட்' என்றும் இன்னொருவர் 'புரொடக்‌ஷன்' என்றும் டேக் வைத்தால் இரண்டு தனித்தனிக் குரூப். வேகத்துக்காக, ஒருமுறை வாங்கிய பட்டியலைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் கேஷை ஆன் செய்தால், அழிந்துபோன சர்வர் கொஞ்ச நேரம் பட்டியலில் நீடிக்கும். அதன் ஐபி முகவரி அதற்குள் வேறொரு மெஷினுக்குப் போயிருந்தால் உத்தரவும் அங்கேதான் போகும். இது முன்பு பார்த்த அதே மெஷின்தானா என்று பார்க்கும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ சரிபார்ப்பு இந்த இடத்தில்தான் காப்பாற்றும். ஆனால் கிளவுடில் தொந்தரவு தாங்காமல் பலரும் முதலில் அணைப்பது அதைத்தான்.

ஆன்சிபிளின் இன்னொரு குணம் பலருக்குத் தெரியாது. பிளேபுக்கில் குரூப் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினால், பொருந்தும் சர்வர் இல்லை என்று ஒரு எச்சரிக்கை வரி வரும், அப்புறம் வெற்றிக் குறியீடு 0-வோடு முடியும். இரவில் தானாக ஓடும் வேலையாக இருந்தால் டேஷ்போர்டு பச்சையாகவே இருக்கும். கிளவுடின் கடவுச்சாவி காலாவதியாகி பிளகின் தோற்றாலும் வழக்கமான அமைப்பில் எச்சரிக்கை மட்டும்தான், ஓட்டம் நிற்காது. படிக்க முடியாத இன்வென்டரியைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. தானியங்கி ஓட்டம் வைத்திருப்பவர்கள் அதை ஆன் செய்யாமல் விடுவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சோதனை சர்வர்களையும் நிஜ சர்வர்களையும் ஒரே ஃபைலில் வைக்காமல் தனித்தனி டைரக்டரியில் வைப்பது பொதுவான பழக்கம். இரண்டையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் பின்னால் சொன்னதன் மதிப்புகள் முன்னதை மூடிவிடும் என்பதால், அப்படிச் சேர்த்துக் கொடுக்காமல் இருப்பதே உத்தமம். ஓட்டுவதற்கு முன் பார்க்க இரண்டு வழி இருக்கிறது. பிளேபுக் கட்டளையோடு 'லிஸ்ட் ஹோஸ்ட்ஸ்' சேர்த்தால் எதையும் தொடாமல் சர்வர்களின் பெயரை மட்டும் காட்டும். 'ஆன்சிபிள் இன்வென்டரி' கட்டளையிடம் ஒரு சர்வரின் பெயரைச் சொன்னால், குரூப்புகள் எல்லாம் சேர்ந்த பிறகு அதற்கு மிஞ்சிய மதிப்புகளைக் காட்டும். மேலே சொன்ன பெயர் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இந்த இரண்டாவது கட்டளையின் வெளியீட்டை எடுத்து ஒப்பிட்டிருந்தால், என்டிபி முகவரி மாறியது ஒரே வரி வித்தியாசமாகத் திரையில் வந்திருக்கும்.