நியூ ஆர்லியன்ஸ் போகிறீர்களா? காதையும் கவனித்துக்கொள்ளுங்கள்

ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஓர் அப்பா வந்தார். "வலது காதுல கொசு சுத்துற மாதிரியே கேக்குதுங்கிறான் மேடம். நேத்து மத்தியானத்துலேர்ந்து." ஹியூஸ்டனில் செவித்திறன் பரிசோதனை செய்யும் எனக்கு அடுத்த கேள்வி உடனே வந்துவிட்டது. "நியூ ஆர்லியன்ஸ் போயிட்டு வந்தீங்களா?"

ஆமாம். ஞாயிற்றுக்கிழமை, பித்தளை வாத்தியக் குழு தெருவில் வாசித்துக்கொண்டு போகும் 'செகண்ட் லைன்' ஊர்வலத்தில், பையன் நன்றாகப் பார்க்கட்டும் என்று தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். டிரம்பெட்டின் வாயும் பிள்ளையின் காதும் ஒரே உயரத்தில் இருந்திருக்கின்றன.

ஜாஸ் இசை பிறந்த நியூ ஆர்லியன்ஸ் இங்கிருந்து ஐந்தாறு மணி நேரக் கார்ப் பயணம்தான் என்பதால், நீண்ட வார இறுதி வந்தால் நம் குடும்பங்கள் கிளம்பிவிடுகின்றன. நானும் போவேன். அந்த ஊரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் ஒரு கணக்கு. வேலையிடங்களில் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது அமெரிக்க அரசின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். பித்தளை வாத்தியக் குழுவுக்கு அருகில் நின்றால் 100 டெசிபல் எளிதில் வந்துவிடும். ஊர்வலமோ மணிக்கணக்கில் நடக்கும். பிள்ளைகளுக்கு இந்த வரம்பைவிடக் குறைவாக வைத்துக்கொள்வதே நல்லது. திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். கல்யாணத்தில் தவிலுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனாலே வித்தியாசம் தெரியுமே, அதுபோலத்தான். குழுவின் முன்னால் போகாமல், கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் ஆடிக்கொண்டு வாருங்கள். செகண்ட் லைன் என்ற பெயரே அப்படிப் பின்தொடர்ந்து ஆடி வருபவர்களால் வந்ததுதான்.

பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். போதாது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரையாலான காது அடைப்பானை விரல்களில் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைத்தும் பயனில்லை. இசையின் நயம் குறையக் கூடாது என்பவர்களுக்கு, எல்லா சுரங்களையும் ஒரே அளவில் தணிக்கும் இசைக்கலைஞர் அடைப்பான்கள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல் மாட்டும் காதுறைதான் சரி.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் அரங்கம். 1961-இல் தொடங்கியது. சின்ன அறை, மர பெஞ்சுகள், ஒலிபெருக்கி இல்லை. ஒரு காட்சி முக்கால் மணி நேரத்தைச் சுற்றித்தான். பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். ஆனால் முதல் பெஞ்சைப் பிடிக்க முந்தாதீர்கள். அந்தச் சின்ன அறையில் பின்வரிசையிலும் எல்லாம் துல்லியமாகக் கேட்கும். பிரெஞ்ச்மென் தெருவின் மன்றங்களில் இசை அருமை. ஆனால் பல இடங்களில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஒலிபெருக்கியும் உண்டு. மதுக்கடைகளும் இரைச்சலும் நிறைந்த போர்பன் தெருவை ஒரு தடவை நடந்து பார்த்தால் போதும்.

பெரியவர் காதுக்கருவி போட்டிருந்தால், பயணத்துக்கு முன்பே அதில் இசைக்கான அமைப்பைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். பேச்சுக்காக அமைத்த கருவி, நீண்டு ஒலிக்கும் கிளாரினெட் சுரத்தைத் தன்னிடமிருந்தே எழும் விசில் என்று எண்ணி அமுக்கப் பார்க்கும். "பாட்டு நடுங்குது" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

சாப்பாட்டுக் கடைகளிலும் இரைச்சல்தான். கூட்டம் சேருமுன் மதியமே போய்விடுங்கள். கருவி போட்டவரை, பேசுபவர் முகத்துக்கு நேராகவும் கூட்டம் முதுகுப் பக்கம் இருக்கும்படியும் உட்கார வையுங்கள். சைவர்கள் கட்டாயம் கேட்டுச் சாப்பிட வேண்டும். திங்கட்கிழமைதோறும் கிடைக்கும் சிவப்பு ராஜ்மா சோற்றில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்த கம்போ என்ற குழம்பும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் கொதிக்கும். 1862 முதல் நடக்கும் காபிக் கடையான கஃபே டு மாண்டில், சர்க்கரைப் பொடி தூவிய பென்யே என்ற பொரித்த பலகாரத்தோடு வரும் காபியில் சிக்கரி கலந்திருக்கும். கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு மாமி முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார்!

இரண்டு இசை நிகழ்ச்சிகளுக்கு நடுவே காதுக்கு ஓய்வு கொடுங்கள். செயின்ட் சார்லஸ் டிராமில் ஏறி ஓக் மரங்களின் நிழலில் போய் வரலாம். அந்தத் தடத்தில் 1835-இலிருந்து வண்டி ஓடுகிறது. லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கும் காங்கோ சதுக்கத்தில் காலை நேரத்தில் போய் உட்காருங்கள். அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, பறை கொட்டி ஆடிய மண் அது. ஜாஸின் வேர் அங்கே இருக்கிறது. இவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஊர் திரும்பியபின் லேசான இரைச்சல் ஒரு நாளில் அடங்கிவிடலாம். இரண்டு நாள் தாண்டியும் நீடித்தால் பரிசோதனைக்கு வாருங்கள். திடீரென்று ஒரு காது மட்டும் மந்தமாகிவிட்டால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதற்கான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

அந்தப் பையனுக்கு அன்று உயர்ந்த சுரங்களில் கேட்புத்திறன் சற்று இறங்கியிருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது பழைய நிலைக்கு வந்துவிட்டது. அடுத்த பயணத்துக்கு நீல நிறக் காதுறை வாங்கிவிட்டதாக அவன் அப்பா போன வாரம் சொன்னார்.