பக்கத்து மேசையிலிருந்து வரும் கருத்து

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவ மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வழக்கமான பாடங்கள் முடிந்த பிறகு பிற்பகலில் நடக்கும் வகுப்பு அது. மொத்தம் 17 பேர். சிலர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், மற்றவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் குடியேறிய தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலிருந்தும் வருகிறார்கள். கட்டுரையை என்னிடம் தருவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, அவருடைய கருத்தை எழுதி வாங்க வேண்டும் என்று நான் வைத்த ஏற்பாட்டைத் தொடக்கத்தில் எவரும் விரும்பவில்லை. "அவனும் என்னைப் போலத்தானே படிக்கிறான் ஐயா? அவனுக்கு என்ன தெரியும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அது நியாயமான கேள்வி. சகமாணவர் பின்னூட்டத்தை, அதாவது உடன் படிப்பவர் சொல்லும் கருத்தைப் பற்றிய ஆய்வுகள் பலவும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

முதலில் எழுதுபவரின் நிலையைப் பார்ப்போம். எலிசபெத் நியூட்டன் என்பவர் 1990-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாடலை மனத்துக்குள் பாடியபடி அதன் தாளத்தை மேசையில் தட்ட, கேட்பவர் அது எந்தப் பாடல் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தட்டியவர்கள் பாதிப் பாடல்களாவது அடையாளம் காணப்படும் என்று எதிர்பார்த்தார்கள்; தட்டப்பட்ட 120 பாடல்களில் 3 மட்டுமே சரியாகச் சொல்லப்பட்டன. தட்டுபவரின் காதுக்குள் முழுப் பாடலும் ஒலித்துக்கொண்டிருக்க, எதிரில் இருப்பவருக்குக் கேட்பதோ வெறும் 'டொக் டொக்' சத்தம்தான். இதை என் வகுப்பில் 'நெகாராகூ'வைத் தட்டிச் செய்து பார்த்தேன். தினமும் பாடும் நாட்டுப்பண்ணையே பலரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கட்டுரையிலும் இதுவே நடக்கிறது. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி எழுதும்போது, "பாட்டி விடியற்காலையில் பெரட்டுக்குப் போவார்" என்று எழுதியிருந்தாள். நானும் தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் அந்த வாக்கியத்தை நிற்காமல் கடந்திருப்பேன். சந்திப்பிழை இருந்தால் மட்டும் சிவப்பு மை விழுந்திருக்கும். தாமானில் வளர்ந்த அவளுடைய தோழியோ ஓரத்தில், "பெரட்டு என்றால் என்ன?" என்று எழுதினாள். திருத்தி எழுதிய அடுத்த படியில் இருட்டில் கூடும் ஆள்கள், பெயர் கூப்பிடும் கிராணி (தோட்டத்து எழுத்தர்), அன்றைய பால்வெட்டுக்கான மர வரிசைகளின் பிரிப்பு என்று ஐந்து வாக்கியங்கள் சேர்ந்தன. அந்தக் கட்டுரையில் உயிரோடு இருந்த பகுதி அதுதான். ஆசிரியருக்குக் கூடுதலாகத் தெரியும் என்பதாலேயே அவரால் கேட்க முடியாத கேள்விகள் உள்ளன என்பதை அன்று உணர்ந்தேன்.

அப்படியானால் மாணவர்கள் ஏன் இதை நம்புவதில்லை? ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற 81 மாணவர்களிடம் சாங் என்னும் ஆய்வாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஆசிரியரின் பின்னூட்டம் வேண்டுமா, அல்லது ஆசிரியர் அல்லாதோரின் பின்னூட்டம் வேண்டுமா என்று கேட்டபோது, ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் ஆசிரியரையே தேர்ந்தெடுத்தனர். ஜேக்கப்ஸும் அவருடைய குழுவினரும் 1998-இல் வேறு வகையில் கேட்டார்கள்: ஆசிரியரின் கருத்தோடு சகமாணவரின் கருத்தும் ஒன்றாக இருக்கலாமா? ஹாங்காங்கிலும் தைவானிலும் இருந்த 121 மாணவர்களில் 93 விழுக்காட்டினர் இருக்கலாம் என்றனர். இவ்விரண்டு எண்களும் முரண்படவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆசிரியரை இழக்க மாணவர்களுக்கு விருப்பமில்லை. ஆசிரியர் இருக்கும்போது தோழரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதில் அவர்களுக்குத் தடையும் இல்லை.

ஆசிரியரை இழக்க விரும்பாததற்குக் காரணமும் உண்டு. சீனப் பல்கலைக்கழகம் ஒன்றில் யாங், பேட்ஜர், யூ ஆகியோர் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியரின் கருத்துகளில் 90 விழுக்காட்டையும் தோழர்களின் கருத்துகளில் 67 விழுக்காட்டையும் மாணவர்கள் ஏற்றுத் திருத்தினர். ஆசிரியரின் கருத்தால் கட்டுரை கூடுதலாக மேம்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோழரின் கருத்தைப் பெற்றவர்கள் தாமாகவே முன்வந்து செய்த திருத்தங்கள் அதிகம். தோழர் சொல்வது சரியா தவறா என்று ஐயப்பட வேண்டியிருப்பதால் அவரிடம் பேச வேண்டியிருக்கிறது, அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஐயமே ஒரு பயிற்சியாகிவிடுகிறது.

என் மாணவனின் கேள்விக்கு நேரடியான விடை 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் உள்ளது. லன்ட்ஸ்ட்ரோமும் பேக்கரும் 9 வகுப்புகளைச் சேர்ந்த 91 மாணவர்களை இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் பிறருடைய கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்ல மட்டும் பழகினர். தமக்கென எந்தக் கருத்தும் பெறவில்லை. மற்றப் பிரிவினர் கிடைத்த கருத்துகளைப் பயன்படுத்தித் திருத்த மட்டும் பழகினர். பருவ இறுதியில் எழுத்தில் கூடுதலாக முன்னேறியவர்கள் கருத்துச் சொன்னவர்களே. மொழித்திறன் குறைந்த நிலையில் இருந்தவர்களிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. சொந்தக் கட்டுரையில் குறை தேடும்போது மனத்தில் இருக்கும் பொருள் கண்ணை மறைத்துவிடுகிறது. பிறர் கட்டுரையில் அந்த மறைப்பு இல்லாததால், எங்கே தொடர்பு அறுகிறது, எந்தப் பத்தி வீணாக நிற்கிறது என்பது தெரிகிறது. அப்படிப் பழகிய கண் பின்னர் தன் தாளுக்கும் திரும்புகிறது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்தே செம்பனைக் குலை பழுத்துவிட்டதென அறியும் கண்ணும் பல மரங்களைப் பார்த்துப் பழகியதுதான். ஆக, "அவனுக்கு என்ன தெரியும்?" என்ற கேள்வி பாதியை மட்டுமே பார்க்கிறது. அவனுடைய கட்டுரையைப் படிக்கும்போது உனக்கு என்ன தெரிய வருகிறது என்பது மறுபாதி.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு தடை உண்டு. 17 பேரில் பலர் உறவினர். ஒருவரின் தாயும் மற்றவரின் தாயும் ஒரே தோட்டத்தில் வேலை செய்பவர்கள். எனவே ஓரத்தில் விழுந்த கருத்துகள் பெரும்பாலும் "நன்று", "கையெழுத்து அழகு" என்பவையே. கார்சனும் நெல்சனும் 1996-இல் சீன மாணவர்களிடம் இதையே கண்டனர்: குழுவின் இணக்கம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக அவர்கள் குறைகளைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டனர். பெயரை மறைத்தால் விமர்சனம் கூர்மையாகிறது என்று லூ, போல் என்னும் ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினார்கள். எங்கள் வகுப்பிலோ கையெழுத்தைப் பார்த்தவுடன் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

எனக்குக் கைகொடுத்தது தைவானைச் சேர்ந்த மின் என்னும் ஆய்வாளர் பயன்படுத்திய பயிற்சி முறை. எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு சிக்கல் எங்கே என்று காட்டி, அது ஏன் சிக்கல் என்று விளக்கி, கடைசியாக மட்டுமே ஒரு மாற்றைச் சொல்ல வேண்டும். கேள்வியில் தொடங்குவதால் யாருடைய முகமும் வாடுவதில்லை. 'தவறு' என்று எழுதத் தயங்கும் பிள்ளை, 'இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன், நீ யாரைச் சொல்கிறாய்?' என்று தயங்காமல் எழுதுகிறது. இப்போது "நன்று" என்று எழுதுபவர், எந்த வாக்கியம் நன்றோ அதற்குக் கீழே கோடிட வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.